கம்பி தொய்வது அலட்சியத்தால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம், தாராபுரம் வட்டாரத் தோட்டங்களின் மேல் செல்லும் உயர்மின் கோபுரப் பாதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, உழவர்களின் குறைகளை உள்ளபடி எடுத்துரைத்தது. ஆயினும், இரு கோபுரங்களுக்கு இடையே கம்பி பரவளைய (எறிந்த கல் செல்லும் பாதை போன்ற வளைவு) வடிவில் தொங்குகிறது என்றும், அதை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் விட்டது ஒப்பந்ததாரரின் அலட்சியம் என்றும் எழுதியிருப்பது சரியன்று. முதலாவது சிறு பிழை. இரண்டாவது, உழவர்களைத் தவறான கோரிக்கைக்குக் கொண்டு செல்லக்கூடிய பிழை.

தானாகத் தொங்கும் சங்கிலியின் வளைவு ஏறத்தாழப் பரவளையம் என்றே கலீலியோ 1638இல் எழுதினார். அது பரவளையம் ஆகாது என்று ஜெர்மானியக் கணித அறிஞர் யுங்கியுஸ் நிறுவியது, யுங்கியுஸின் மறைவுக்குப் பின் 1669இல் அச்சாயிற்று. அப்படியானால் அது எந்த வளைவு என்ற கேள்வியை 1690இல் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி எழுப்ப, மறு ஆண்டே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் விடை கண்டனர். அதையே சங்கிலியம் என்கிறோம். தொங்கு பாலத்தின் கம்பி பரவளையம் என்று பள்ளிக் கணக்குகளில் வருவது தவறில்லை; அங்கே கம்பி சுமப்பது பெரும்பாலும் பாலத்தளத்தின் எடையை, அந்த எடை கிடைமட்டத்தில் சீராகப் பரவியிருக்கிறது. தன் எடையை மட்டும் சுமக்கும் கம்பியிலோ எடை அதன் நீளத்தின் வழியே பரவியிருப்பதால், செங்குத்தாகச் சரியும் ஓரங்களில் ஒவ்வொரு கிடைமட்ட மீட்டருக்கும் சுமை கூடுகிறது.

இதைப் பள்ளி மாணவர்களே சோதிக்கலாம். சுவரில் 60 செ.மீ. இடைவெளியில், ஒரே மட்டத்தில் இரண்டு ஆணிகள் அடித்து, சுமார் 142 செ.மீ. நீளமுள்ள மெல்லிய சங்கிலியை மாட்டினால் அது 60 செ.மீ. ஆழத்துக்குத் தொங்கும். அடிப்புள்ளியிலிருந்து 15 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி அளந்தால், பரவளையம் 15 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், சங்கிலியோ பத்தரை செ.மீ. அளவுக்கே உயர்ந்திருக்கும். மின்கம்பியில் ஆழம் மிகக் குறைவு என்பதால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 400 மீட்டர் இடைவெளியில் 10 மீட்டர் தொய்வுள்ள கம்பியைப் பரவளையமாகக் கணக்கிட்டாலும் தொய்வில் ஒரு சென்டிமீட்டர்கூடப் பிழை வராது; பொறியாளர்கள் எளிமை கருதி அப்படியும் கணக்கிடுவதுண்டு.

தொய்வைப் பற்றிய கருத்துத்தான் எனக்குக் கவலை தருகிறது. எவ்வளவு பலங்கொண்டு இழுத்தாலும் எடையுள்ள கம்பியை நேர்க்கோடாக நிறுத்த முடியாது. அதன் எடையைத் தாங்க மேல்நோக்கிய விசை வேண்டும், கம்பி சற்றேனும் சரிந்திருந்தால்தான் இழுவிசையில் அந்தக் கூறு கிடைக்கும். தொய்வைப் பாதியாகக் குறைத்தால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும். பிடிவாதமாக இழுத்துக் கட்டச் சொன்னால், குளிரில் கம்பி மேலும் சுருங்கும்போது கம்பிக்கும் கோபுரத்துக்கும் ஆபத்து. அந்தக் கோபுரம் நிற்பது நம் உழவரின் காட்டில்தான்.

மேற்சொன்ன 10 மீட்டர் தொய்வுக்குக் கம்பி கூடுதலாக இருப்பது வெறும் 67 செ.மீ. தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நீளத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் ஆழத்தில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். சித்திரை வெயிலோடு, ஓடும் மின்சாரத்தின் சூடும் சேர்ந்து கம்பியின் வெப்பம் 30 டிகிரி உயர்ந்தால், எஃகு உள்ளீடு கொண்ட அலுமினியக் கம்பி இருபது செ.மீ. அளவுக்கு நீளும், நடுப்பகுதி ஒரு மீட்டருக்கு மேல் கீழிறங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கம்பியைக் குளிர்விக்கும் என்றாலும், அதைப் பக்கவாட்டில் ஊசலாடவும் வைக்கும்.

ஆகவே, கம்பியை இறுக்கும்படி கேட்பதை விடுத்து, நிலத்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கோடையின் உச்சி வெயிலில், பாதையில் மின்சுமை மிகுந்த நேரத்தில், இரு கோபுரங்களுக்கும் நடுவே வைத்து அளந்து தரும்படி உழவர்கள் கேட்பதே முறை. மார்கழிக் காலையில் எடுத்த அளவை மட்டும் நம்பிக் கம்பியின் கீழ் தென்னங்கன்று நடுவதும், கரும்பு ஏற்றிய லாரியை ஓட்டுவதும் கூடாது என்பதைத் தங்கள் இதழ் அடுத்த வாரமே வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தாராபுரம்.