பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் 'அதிவேகமே காரணம்' என்று முடிகிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் ஏன் எல்லோரும் வேகமாகப் போகிறார்கள் என்று கேட்பாரில்லை. மணிக்கு 40 கி.மீ. என்று பலகை நட்டுவிட்டு, தடத்துக்கு 3.5 மீட்டர் அகலத்தில், வளைவே இல்லாமல், ஓரமெல்லாம் வெட்டவெளியாகச் சாலை போட்டால் யார் 40-ல் போவார்கள்?

ஓட்டும்போது வேகமானியை எப்போதாவதுதான் பார்க்கிறோம். ஓரக்கண்ணில் மரமும் சுவரும் பின்னால் ஓடுவதை வைத்தே வேகத்தை உணர்கிறோம். ஓரம் வெறிச்சென்று இருந்தால் அந்த உணர்வு மந்தமாகிவிடும். இருக்கை உயரமான வண்டிகளில் இன்னும் மோசம்.

விரைவுச்சாலையில் ஒரு மணி நேரம் 100-ல் வந்தவருக்கு, கிளைச்சாலையில் 80 என்பதே ஊர்வதுபோல் இருக்கும். வேகம் குறைந்துவிட்டது என்று நம்பியே ரவுண்டானாவுக்குள் நுழைவார். 60-ஐவிட 80-ல் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய 1.8 மடங்கு. இதற்காகவே பிரிட்டனில் 1970-களில் ரவுண்டானாவுக்கு முன்னால் சாலையின் குறுக்கே மஞ்சள் பட்டைகள் பூசிப் பார்த்தார்கள். நெருங்க நெருங்க இடைவெளி குறையும். வேகத்தைக் குறைக்காதவருக்குப் பட்டைகள் மேலும் மேலும் சடசடவென்று வருவதால், வண்டி வேகமெடுப்பதாகத் தோன்றி, கால் பிரேக்குக்குப் போகும். சம இடைவெளியில் பூசினால் இந்த மாயை எழாது. வழவழப்பான பூச்சு என்றால் மழையில் இருசக்கர வாகனங்கள் சறுக்கும், சொரசொரப்பு அவசியம்.

நல்லதென்று செய்வதும் சில சமயம் காலை வாரிவிடும். பின்லாந்தில் 80 கி.மீ. வரம்புள்ள சாதாரணச் சாலைகளில் ஒளி எதிரொளிக்கும் ஓரக்கம்பங்கள் நட்டபோது, இரவில் வேகமும் கூடியது, காயம் ஏற்பட்ட விபத்துகளும் கூடின. பாதை வெகுதூரம் தெரிந்தது. முகப்பு விளக்கு எட்டும் தூரம் என்னவோ பழையதுதான்!

புதுப் பலகை நடுமுன், நெரிசலில்லாத நேரத்தில் 100 வண்டிகளின் வேகத்தை அளக்கலாம். அவற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்த்து, அது 60-ஐத் தொட்டால், 40 என்ற பலகை அங்கே எடுபடாது. ஓரக்கோட்டை உள்ளே தள்ளிப் பூசித் தடத்தை 3 மீட்டராக்கலாம். பேருந்து, லாரி அதிகமென்றால் 3.25. ஓரத்தில் புதர்ச்செடியோ வளையும் கம்பமோ போதும். தடித்த மரத்தை விளிம்பில் நட்டால், தடம் மாறிய வண்டி அதில்தான் மோதும்.

இப்படிக்கு,
சாலைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் சிலர்