லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு

கவி, எப்படி இருக்க, அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லையா? லீவுக்கு வரட்டுமான்னு கேட்டல்ல, போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

சின்னவளுக்கு அக்குள்கிட்ட ரெண்டு மூணு பரு வந்துச்சு, வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டுவிட்டேன், ரெண்டே மாசத்துல வயிறு, தொடைன்னு இருபதுக்கு மேல ஆயிடுச்சுடி. கிட்ட பார்த்தா வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளன்னு இருக்கு, நடுவுல ஊசியால குத்துன மாதிரி ஒரு குழி. அந்தக் குழியப் பார்த்ததுமே டாக்டரம்மா மொலஸ்கம்னுட்டாங்க, நம்ம ஊர்ல பாலுண்ணின்னு சொல்வாங்களே அதுதான். பெரியம்மை வைரஸோட குடும்பமாம், கேட்டதும் எனக்கு கை கால் ஓடல, ஆனா இது மேல்தோலத் தாண்டி உள்ள போகாதாம், உயிருக்கு ஒண்ணும் ஆகாதாம்.

நான் பண்ண தப்பச் சொல்றேன், ஒண்ணைப் பிதுக்கிட்டேன். வெள்ளையா மாவு மாதிரி வந்துச்சு, வைரஸே அதுலதான் இருக்காம். இவளும் சொறிஞ்சிருக்கா, நகம் போன வழியிலயே கோடு போட்ட மாதிரி வரிசையா அஞ்சு. அத்தை வேற அம்மான் பச்சரிசிச் செடியோட பால வச்சு, தோல் வெந்து புள்ள ராத்திரியெல்லாம் அழுதா. அதை யாரு சொன்னாலும் வைக்காத, கண்ணுகிட்ட பட்டா பெரிய வம்பு.

சுரண்டி எடுக்கலாம், ஐஸ் மாதிரி உறைய வச்சும் எடுக்கலாம், ஆனா சின்னப்புள்ளைக்கு வலிக்கும், தானா போயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. 6 மாசத்துலேருந்து ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். போன வாரம் நாலஞ்சு சிவந்து வீங்கவும் சீழ் வச்சிடுச்சோன்னு பதறி ஓடினேன், உடம்பு இப்பதான் வைரஸ அடையாளம் கண்டு சண்டை போடுது, இது போறதுக்கான அறிகுறின்னாங்க. வலியோ காய்ச்சலோ இருந்தாதான் உடனே காட்டணுமாம். ஸ்கூல்ல வீட்லயே வச்சுக்கோங்கன்னாங்க, அது தேவையே இல்ல, ட்ரெஸ்ஸால மூடியிருந்தா போதும்னு டாக்டரம்மா லெட்டர் குடுத்துட்டாங்க.

உன் பையனுக்கு கரப்பான் இருக்கே, அதான் எனக்கு கவலை. வறண்டு வெடிச்ச தோல்ல இது சுலபமா ஒட்டிக்கும், ஒட்டினாலும் தெரிய சில வாரம், சில சமயம் 6 மாசம்கூட ஆகும். அவன் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. வராம இருந்துடாதடி, துண்டு மட்டும் அவனுக்குத் தனியா எடுத்துட்டு வா, ரெண்டையும் ஒண்ணா குளிக்க விடாம நான் பாத்துக்குறேன்.