ஃபைனலை ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்: கொன்மெபோலுக்கு ஒரு திறந்த மடல்

தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கொன்மெபோலின் நிர்வாகிகளுக்கு, குறிப்பாகத் தலைவர் அலெஹாந்த்ரோ தொமிங்கெஸ் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கண்டத்துக் கிளப்புகளின் பெரிய கோப்பையான கோபா லிபர்டடோரஸின் இறுதிப் போட்டியை மறுபடியும் இரண்டு ஆட்டமாக நடத்துங்கள், முன்பு நடந்த மாதிரியே, ஆளுக்கு ஓர் ஊரில். 2019-இல் ஆரம்பித்த ஒற்றை ஆட்ட ஃபைனலை 2025 வரை ஏழு தடவை பார்த்தாயிற்று, போதும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஓரம் கட்டிவிடலாம். 2018 ஃபைனலில் நடந்த கலாட்டாவால்தான் இந்த மாற்றம் வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புவெனோஸ் ஐரெஸில், ரிவர் பிளேட் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதன் பரம எதிரி போகா ஜூனியர்ஸின் பஸ் மீது கல்லெறிந்து, கண்ணாடி உடைந்து, போகா கேப்டன் பாப்லோ பெரெஸுக்குக் கண்ணில் அடிபட்டு, அன்றைக்கும் மறுநாளும் ஆட்டத்தை நடத்த முடியாமல், கடைசியில் மாட்ரிட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அந்த ஃபைனல். (ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய தலைவர்களின் பேரில் நடக்கும் கோப்பையை ஸ்பெயின் தலைநகரில் வைத்துக் கொடுத்ததை உலகமே கிண்டலடித்து முடித்துவிட்டது, நான் வேறு எதற்கு.) தேதியைப் பாருங்கள். கல் விழுந்தது 2018 நவம்பரில். ஒற்றை ஆட்டம் என்று நீங்கள் அறிவித்தது அதே வருடம் பிப்ரவரியில். ஆக, பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஒரே ராத்திரியில் எவ்வளவு பெரிய விழாவாகிறது என்று பார்த்து ஆசைப்பட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஐரோப்பாவில் 1956-இல் பாரிஸில் நடந்த முதல் ஃபைனலே ஒற்றை ஆட்டம்தான், அவர்கள் வளர்ந்ததே அப்படி. உங்கள் கதை வேறு. 1960-இல் உருகுவேயின் பென்யாரோலும் பராகுவேயின் ஒலிம்பியாவும் மோதிய முதல் ஃபைனல், மோண்டெவிடேயோவில் 1-0, அசுன்சியோனில் 1-1 என்று இரண்டு ஊரிலும் நடந்தது. அதிலிருந்து 2017 வரை ஒவ்வொரு ஃபைனலிலும் இரண்டு தரப்பு ரசிகர்களுக்கும் தங்கள் பக்கத்தில் ஓர் ஆட்டம் இருந்தது. இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானம் என்பது அப்போதும் உண்டு. ஆனால் இரண்டு ஆட்டம் முடிந்தும் தீர்வு வராவிட்டால், மூன்றாவதாகத்தான் அங்கே போவார்கள்.

அந்த மூன்றாவது ஆட்டங்களில் நடந்ததையெல்லாம் புதிதாகப் பார்க்க வருபவரிடம் சொன்னால் நம்ப மாட்டார். 1966-இல் சிலியின் சாந்தியாகோவில் ரிவர் பிளேட் 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு, கூடுதல் நேரத்தில் பென்யாரோலிடம் 4-2 என்று தோற்றது. 'கோழிகள்' என்ற பட்டப்பெயர் அதற்கப்புறம்தான் ரிவர் மேல் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை.

1987 இன்னும் கொடூரம். கொலம்பியாவின் காலி நகரத்து அணியான அமெரிக்கா தெ காலி அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஃபைனலில் தோற்றிருந்தது. காலியில் பென்யாரோலை 2-0 என்று அடித்தார்கள். மோண்டெவிடேயோவில் பின்தங்கியிருந்த பென்யாரோல் எழுந்து 2-1 என்று ஜெயித்தது. ஆளுக்கு ஒரு வெற்றி என்றால் மூன்றாவது ஆட்டம் என்பது அன்றைய விதி, அதனால் மறுபடியும் சாந்தியாகோ. அங்கே டிரா செய்தாலே போதும், கோல் வித்தியாசத்தில் கோப்பை காலிக்கு. 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரமும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, நடுவர் விசில் ஊதுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் டியேகோ அகிர்ரே என்ற பென்யாரோல் இளைஞர் பந்தை வாங்கி அடித்த அடி வலைக்குள் போய் விழுந்தது. மூன்றாவது வருடமாகக் காலிக்குத் தோல்வி. 1996-இலும் தோற்றார்கள். கோப்பை இன்றுவரை அவர்கள் கைக்கு வரவில்லை. ஆனாலும் காலி ரசிகன் அந்த 2-0-ஐத் தன் ஊரிலேயே, தன் கண்ணால் பார்த்தான். இப்போதைய முறையில் அவனுக்கு அதுவும் கிடைத்திருக்காது.

அடுத்து, 2008. எக்வடோரின் எல்டியு கீட்டோவை யாரும் பெரிய அணியாக நினைக்கவில்லை. 2,800 மீட்டர் உயரத்தில், சொந்த மைதானத்தில், பிரேசிலின் ஃபுளுமினென்ஸேயை 4-2 என்று அடித்தார்கள். திரும்ப ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஃபுளுமினென்ஸேயின் தியாகோ நெவெஸ் ஹாட்ரிக் அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். அப்புறம் பெனால்டி. எல்டியு கோல்கீப்பர் செவாயோஸ் மூன்றைத் தடுத்தார், ஹாட்ரிக் அடித்த அதே நெவெஸ் அடித்ததும் அதில் ஒன்று. எக்வடோர் நாட்டுக்கு வந்த ஒரே லிபர்டடோரஸ் அதுதான். 2016-இல் இன்னொரு எக்வடோர் அணி, இந்தேபென்தியெந்தே தெல் வாயே, ஃபைனலுக்கு வந்தபோது சொந்த ஆட்டத்தின் டிக்கெட் வசூலை நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. சொந்த ஊரில் ஃபைனல் இருந்தால்தான் ஒரு சின்ன கிளப்பால் இப்படி யோசிக்கவே முடியும்.

சரி, ஒற்றை ஆட்டத்தில் நல்ல ஃபைனலே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 2019-இல் கடைசி சில நிமிடங்களில் ஃபிளமெங்கோவின் காபிகோல் இரண்டு கோல் அடித்து ரிவரிடமிருந்து கோப்பையைப் பறித்ததை மறக்க முடியாது. 2024-இல் முதல் நிமிடத்திலேயே ரெட் கார்டு வாங்கி, பத்துப் பேரோடு ஆடி, 3-1 என்று ஜெயித்த போத்தஃபோகோவையும்தான். ஆட்டக்காரர்கள் எங்கே விட்டாலும் ஆடுவார்கள். நான் கேட்பது காலரியில் உட்காருபவர்களைப் பற்றி. 2022-இல் ஃபிளமெங்கோவும் அத்லெதிகோ பரனாயென்ஸேயும், இரண்டுமே பிரேசில், ஆடியது எக்வடோரின் குவாயாகீலில். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, மண்டபத்தை நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த மாதிரி. காலி இருக்கைகள் டிவியிலேயே தெரிந்தன. 2021-இலும் இரண்டு பிரேசில் அணிகள், ஆட்டம் மோண்டெவிடேயோவில். 2024-இல் புவெனோஸ் ஐரெஸில். 2025-இல் லிமாவில். ஐரோப்பாவில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பக்கத்து நாட்டில் இறங்கலாம். உங்கள் கண்டத்தில் நடுவே ஆண்டீஸும் அமேசானும் கிடக்கின்றன, விமானத்துக்குப் பணம் இல்லாதவன் பஸ்ஸில் நாள்கணக்கில் உட்கார வேண்டும்.

பொது மைதானம் என்பதாவது நிஜமா? 2023 ஃபைனலுக்கு மரக்கானாவை முன்கூட்டியே குறித்துவைத்தீர்கள், வந்து சேர்ந்தது ஃபுளுமினென்ஸே, மரக்கானா அவர்கள் சொந்த வீடு. எதிரே போகா, தன் சொந்த மைதானமான லா பொம்போனேராவில் ஓர் ஆட்டம்கூட இல்லாமல், கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. வன்முறை குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. டிக்கெட் இல்லாமலே ரியோவுக்கு வந்து குவிந்த போகா ரசிகர்களும் உள்ளூர் ரசிகர்களும் கோபகபானா கடற்கரையில் மோதிக்கொண்டார்கள்.

பழைய முறையில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஃபைனல் மைதானத்தில் 40,000 பேர் உட்கார இடம் வேண்டும் என்ற விதியால், 2005-இல் இதே பரனாயென்ஸே தன் ஊரை விட்டுவிட்டு போர்ட்டோ அலெக்ரேவில் போய் 'சொந்த' ஆட்டம் ஆடியது. அடுத்த ஆட்டத்தில் சாவோ பாவ்லோவிடம் 4-0. இரண்டு ஆட்ட முறையைக் கொண்டுவரும்போது அந்த விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இரண்டு ஆட்டமெல்லாம் இந்தக் காலத்தில் விற்காது என்று சொல்லாதீர்கள். லிபர்டடோரஸ் சாம்பியனும் உங்கள் இரண்டாம் கோப்பையான சுதாமெரிகானாவின் சாம்பியனும் மோதும் ரெகோபாவை இன்னும் இரண்டு ஆட்டமாகத்தான் நடத்துகிறீர்கள். சின்னக் கோப்பைக்கு முடிவது பெரிய கோப்பைக்கு முடியாதா?

அதுவும் முடியாது, ஸ்பான்சர் ஒப்பந்தம் இருக்கிறது என்றால், ஒன்றே ஒன்று செய்யுங்கள். அரையிறுதி முடிந்து இரண்டும் ஒரே நாட்டு அணிகள் என்று தெரிந்தால், ஆட்டத்தை அந்த நாட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏழில் ஐந்து ஃபைனல் அப்படித்தான் அமைந்தன, அடுத்தும் அமையும், பிரேசில் கிளப்புகளிடம் அவ்வளவு பணம் இருக்கிறது. 2019-இல் கலவரத்தால் சாந்தியாகோவிலிருந்து லிமாவுக்கு ஃபைனலைச் சில வாரத்தில் மாற்றிக் காட்டியவர்கள் நீங்கள். இதற்கு அவ்வளவு அவசரம்கூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
எட்ட இருந்து பார்க்கும் ஒரு ரசிகன்