ஊர்ப் பள்ளிப் பெற்றோர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம். நம் மன்றத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினம், ஆசிரியர் தினம், காந்தி ஜெயந்தி, பாரதி பிறந்தநாள், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. குறள் ஒப்பித்தல் போட்டியில் கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டது. மாதக் கூட்டம் 12 முறை அறிவிக்கப்பட்டு, 9 முறை கூடியது. மற்ற மூன்றுக்கும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, பள்ளி வேலைகளைப் பிள்ளைகள் முறைபோட்டுச் செய்யும் முறைவேலைத் திட்டம். ஆண்டறிக்கையில் இதற்கு இவ்வளவு இடம் எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மன்றத்தின் பெயரால் புதிதாக நடந்தது இது ஒன்றுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பண்பாட்டோடு சேர்ந்த கல்வி என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே மேடை போட்டு, பட்டுப்பாவாடை கட்டி, ஒப்பித்தலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பித்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் பத்துக் குறள் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிள்ளை, தின்ற முறுக்குக் கவரை இறங்கும் படியிலேயே போட்டுவிட்டுப் போகிறது. நம் குளத்துப் பாசனத்தில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. மேல்வயல்காரர் தன் முறை முடிந்ததும் மண்ணை வெட்டிப்போட்டு வாய்க்காலை அடைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். அவர் அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் பிசான நெல் யாருக்குக் கருகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த முறையைத்தான் பள்ளிக்குள் கொண்டுவந்தோம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஆறு ஆறு பேராகக் குழு. வேலை நான்கு: வகுப்பறையும் தாழ்வாரமும் கூட்டுவது, மதிய உணவில் பந்தி ஒழுங்கும் பரிமாறலும், செடிக்குத் தண்ணீர், காசைத் தானே போட்டுப் பொருளை எடுக்கும் ஆளில்லாக் கடை. கழிப்பறை வேலை பிள்ளைகளுக்குக் கிடையாது. அது கூடவே கூடாது. முறை மாறுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதலில் ஒரு வாரம் என்று வைத்தோம். வியாழக்கிழமைதான் கை பழகுகிறது, திங்கட்கிழமை ஆள் மாறிவிடுகிறது. ஒரு மாதம் என்றால் மூன்றாவது வாரமே சலித்துவிடுகிறது.

குழுவைப் பிரிப்பது குலுக்கலில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விருப்பப்படி சேரச் சொன்னால் தெருப்படி சேருவார்கள். தெருப்படி என்றால் என்ன அர்த்தம் என்று இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பிரித்தாலும் பழக்கத்தில் விளக்குமாறு ஒரே வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் பெண்பிள்ளைகள் கைக்கும், மணி அடிக்கிற கட்டை வேறு கைக்கும் போய்விடும். சீட்டை மண்பானையில் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எடுக்கச் சொல்கிறோம். உத்திரமேரூர்க் குடவோலையிலும் ஓலை எடுத்தது ஒரு சிறுவன்தான். எடுத்த பெயரை உரக்கப் படித்து அப்போதே சார்ட்டில் எழுதிவிட வேண்டும். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் இடைவேளைக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தோம். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவரைச் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கவும் கையில் சாதியைக் காட்டும் வண்ணக்கயிறு கட்டத் தடை விதிக்கவும் பரிந்துரைத்திருக்கிறது. கயிற்றை அவிழ்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரே வாளியை இரண்டு பேராகத் தூக்கிப் பழகுவதற்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. 1922இல் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், நாட்டுப்பற்று என்று இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் அங்கே இருந்தது. காங்கிரஸும் பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்ட ஒரு விஷயத்தில் எல்லாம் ஆட்டம் கண்டது. அன்றைய காங்கிரஸ் தலைவர்கள் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்விக்குக் குருகுலத்தால் பதில் சொல்ல முடியவில்லை. நம் தாமிரபரணிக் கரையிலேயே நடந்தது இது. ஆகவே பரிமாறுகிற குழு வரிசையின் கடைசி ஆளாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தட்டை வீட்டிலிருந்து தனியாகக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. இரண்டு வீட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. விதியும் மாறவில்லை.

ஆளில்லாக் கடை. பென்சில், ரப்பர், பேனா, அளவுகோல், நாற்பது பக்க நோட்டு. எல்லாம் 5 ரூபாய் அல்லது 10 ரூபாய் மட்டும். 3 ரூபாய் ரப்பர் வைத்தபோது சில்லறையில்லாமல் கணக்கு நாறிப்போனது. பணம் போட மூடிய தகர டப்பா, பக்கத்தில் சில்லறைத் தட்டு. வெள்ளிக்கிழமை மாலை மூன்று வகுப்பிலிருந்தும் ஒவ்வொருவராக மூன்று பேர் எண்ணுவார்கள். ஆரம்ப இருப்போடு வாங்கிப்போட்டதைக் கூட்டி, மீதி இருப்பைக் கழித்தால் விற்றது தெரியும்; விலையால் பெருக்கினால் டப்பாவில் இருக்க வேண்டிய பணம். குறைந்தால் தொகையை மட்டும் கரும்பலகையில் எழுதுவோம். யார் என்று தேடக் கூடாது. தேடினால் அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் ஒருவரையொருவர் வேவு பார்ப்பார்கள், கடை செத்துவிடும். முதல் பருவத்தில் குறைந்ததில் பெரும்பகுதி திருட்டே இல்லை. பிரிக்காத பென்சில் பெட்டியைப் பத்துக்குப் பதில் ஒன்று என்று எண்ணியிருக்கிறார்கள். காசில்லாத பிள்ளை கடன் நோட்டில் தானே எழுதிவிட்டு எடுக்கலாம். தன் கையால் எழுதிய கடன் பெரும்பாலும் திரும்பி வருகிறது. 10 ரூபாய் நாணயம் செல்லும் என்பதையும் இந்தக் கடையில்தான் பிள்ளைகள் கற்றார்கள். நம் கடைத்தெரு இன்னும் கற்கவில்லை.

தோல்வியையும் சொல்ல வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் வேலை கோடை விடுமுறையில் நின்றுபோய், வேம்பும் புங்கையும் தவிர எல்லாம் காய்ந்தன. விடுமுறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் முறை போட்டுச் சீட்டு அனுப்பியிருந்தோம். வந்தவர்கள் நான்கு வீட்டார்.

வருகை பற்றி. ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போதவில்லை. முறைவேலை பற்றிப் பேசக் கூப்பிட்ட கூட்டத்துக்குப் பாயே மிச்சம். "வாறேன் அண்ணாச்சி" என்று சொன்னவர்களை எண்ணினால் கோரம் இரண்டு முறை சேர்ந்திருக்கும். நம் நெல்லை மாவட்டத்து மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்லித் தடுப்பவருக்கு 5 காசு தண்டம் என்று அதில் விதி. நிலம் உள்ள, வேதம் அறிந்தவருக்கே இடம் என்ற அந்தச் சபையின் மற்ற விதிகள் நமக்கு வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் நம் துணைவிதியில் சேர்க்கலாமா என்று பொருளாளர் வேடிக்கையாகக் கேட்டார். சபைக்கே வராதவர்களுக்கு என்ன தண்டம் என்று நான் கேட்டேன்.

வரவு செலவு: வரவு சந்தாவும் நன்கொடையும், செலவு விழாக்களும் கடைச் சரக்கும். சிறிய அளவில் கையிருப்பு உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும். சந்தா பாக்கி கையிருப்பைவிட அதிகம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், பந்தல் ஒலிபெருக்கி உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு கடைச் சரக்குக்கு முதல் பணம் தேவை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கணக்கு எண்ணும்போது ஓரமாக உட்கார, வாய் திறக்காத பெரியவர் இரண்டு பேர் தேவை. கோடைத் தண்ணீருக்கு எட்டு வீடு தேவை. செயலாளர் பொறுப்பை வேறு யாரும் ஏற்பதாயிருந்தால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். ஏற்பவர் முறைவேலையை நிறுத்தமாட்டேன் என்று இங்கேயே சொல்ல வேண்டும். சந்தா நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. காபி அதற்கு அடுத்த மேசையில்.

இப்படிக்கு,
செயலாளர்