ஊர்நாய்க்குப் படிப்பு ஏறுமா?

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். ரொறன்ரோவில் நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருப்பதையும், சனிக்கிழமைகளில் அதைப் பயிற்சிக் கழகத்துக்குக் கொண்டு போவதையும் எழுதி, நம் ஊர்க் கழகம் தொடங்கிய கதையைக் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் அம்மா இடையிடையே திருத்துவாள் என்பதால் எழுதுகிறேன்.

2010 இல், போரால் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து நாம் திரும்பி வந்தபோது, நமக்கு முன்னரே நாய்கள் நம் வளவில் குடியேறியிருந்தன. இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற நாய்களின் குட்டிகள் அவை; மனிதக் குரல் கேட்டால் பற்றைக்குள் பாய்ந்துவிடும். நம் கறுப்பி அப்படிப் பற்றையிலிருந்து வந்தவள்தான். அப்போது எங்கள் ஒழுங்கையில், கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களோடு வேலை செய்த ஒருவர் இருந்தார். ஷெல் துண்டு, ஆணி, தகரம் என எல்லாவற்றுக்கும் சத்தமிடும் உலோகங்காட்டியைப் போலன்றி, நாய் வெடிமருந்தின் வாசத்தையே தேடும் என்றும், கண்டுவிட்டால் குரைக்காமல் அருகில் அமர்ந்துவிடும் என்றும், ஒரு நாய் பார்த்த நிலத்தை இரண்டாவது நாயும் பார்த்த பிறகே அதில் கால் வைப்பார்கள் என்றும் அவர் சொல்லக் கேட்டு நாங்கள் வாய் பிளந்திருப்போம். "அவையெல்லாம் சாதி நாய்கள் அல்லவா, நம் ஊர்நாய்க்குச் சோறும் கல்லெறியும்தான் தெரியும்" என்று ஒருவர் சிரித்த மாலையில்தான் கழகம் பிறந்தது என்று சொல்லலாம். நாய்க்கும் சாதி பார்க்கிற சொல் நம்முடையது. அதைப் பற்றி வேறொரு நாள்.

இதேபோன்ற ஒரு சிரிப்புக்குப் பதிலாகத்தான் உன் கண்டத்திலும் இந்தக் கலை வளர்ந்தது என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன். பூடில் நாய் அழகுக்கு மட்டுமே உதவும் என்று பேசியவர்களுக்குப் பதில் சொல்ல, ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி 1933 இல் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிவுப் போட்டி ஒன்றை நடத்தினார். வந்தவை 8 நாய்கள். 1936 இல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கெனல் கிளப் அந்தப் போட்டியை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அவரும் பிளான்ஷ் சோண்டர்ஸ் என்ற பயிற்சியாளரும் ட்ரெய்லர் வண்டியில் நாய்களோடு நாட்டைச் சுற்றிப் பயிற்சியைச் செய்து காட்டினார்கள். ஊருக்கு ஊர் கழகங்கள் முளைக்க அந்தப் பயணமும் ஒரு காரணம்.

நம் முதல் நாளில் வந்தவை 7 நாய்கள். மாட்டுக் கயிறும், சைக்கிள் டியூபில் வெட்டிய கழுத்துப் பட்டியுமாக நாங்கள் மைதானத்தில் போய் நிற்க, அரை மணி நேரத்தில் கயிறுகள் அனைத்தும் கோல் கம்பத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டன. என் சாரம் கிழிந்ததை அம்மா இன்றும் விருந்தினருக்குச் சொல்கிறாள். நான் பூவரசங்கம்பு ஒன்றையும் கொண்டு போயிருந்தேன். கண்ணிவெடி நாய்களோடு வேலை செய்த அந்த மனிதர் அதை வாங்கி, ஒன்றும் பேசாமல் முறித்து எறிந்துவிட்டு, என் கையில் நெத்தலிக் கருவாடு ஒன்றை வைத்தார். கருவாட்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்புறமாக நகர்த்தினால், தலை உயர உயரப் பின்பகுதி தானாகவே தரையில் படியும். படிந்த அந்தக் கணத்தில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்குத்தான் கருவாடு கிடைத்தது என்று அது நினைத்துக்கொள்ளும். கறுப்பி மூன்று மாலைகளில் கற்றுக்கொண்டாள். தாமதிக்காமல் கொடுக்க நான் பழகுவதற்கு ஒரு மாதம் சென்றது.

கட்டளை எந்த மொழியில் என்பதில் பெரும் வாக்குவாதம் நடந்தது. இளையவர்கள் "சிட்" என்றார்கள். நான் "இரு" என்றே நின்றேன். அதன் பலனாக, வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா "இருங்கோ" என்று சொல்லும்போதெல்லாம் அவர்களுக்கு முன்னரே கறுப்பி அமர்ந்துகொண்டு கருவாட்டுக்குக் காத்திருப்பாள்.

ஊர் எங்களை மதித்தது இந்த வித்தைகளுக்காக அன்று. விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தவர்கள் முன்பெல்லாம் பாதி நாய்களைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போவார்கள். கயிற்றுக்குப் பழகிய எங்கள் நாய்களோ வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டன. அதைக் கண்ட பிறகுதான் பெண்களும் பிள்ளைகளும் நாய்களோடு வரத் தொடங்கினார்கள். ஒரு மாலையில் 23 நாய்கள் வந்ததும் உண்டு. மைதானத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது ஓர் அலுவலகம் கடிதத்துக்கு மேல் கடிதம் கேட்டு மாரி வரை இழுத்தடித்ததால், வாய்க்கால் ஓரத்து மேட்டுக்கு மாறினோம். அந்த மனிதர் பிறகு வேலைக்காக வேறு மாவட்டத்துக்குச் சென்றுவிட்டார். பழகிய இளைஞர்களும் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள்.

இப்போது ஞாயிறு மாலையில் நால்வர் கூடுகிறோம். கறுப்பியின் பேத்தி ஒன்றைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அமர்கிறது, ஆனால் மயிலைக் கண்டால் கயிறும் இல்லை, நானும் இல்லை. உங்கள் கழகத்தில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. உன் குட்டிக்கு "இரு" என்கிறாயா, "சிட்" என்கிறாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா