அது தண்டனைப் பட்டியல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க மாநிலங்களின் குழந்தைத் துன்புறுத்தல் பதிவேடு பற்றிய உங்கள் கட்டுரை, அதைப் பாலியல் குற்றவாளிகள் பட்டியலோடு போட்டுக் குழப்பிவிட்டது. பின்னதில் பெயர் ஏற நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். பதிவேட்டுக்கு நீதிபதியே வேண்டாம். நியூயார்க்கில் தொலைபேசியில் புகார் போனதும், குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு 60 நாளுக்குள் விசாரித்து ‘முகாந்திரம் உண்டு’ என்று கோப்பை மூடினால் பெயர் நின்றுவிடும். அதுவும் பெரும்பாலும் அடி உதைக்காக அல்ல. பிள்ளையைத் தனியே விட்டுப் போனது, பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பாதது போன்ற பராமரிப்புக் குறைக்காக.

நியூயார்க் சட்டத்தை 2020-இல் திருத்தி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம் இங்கேதான் முக்கியம். முன்பு நம்பத்தகுந்த ஏதோ ஒரு சாட்சியம் இருந்தாலே போதும். எதிர்ச் சாட்சியம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில்லை. இப்போது இரு பக்கமும் எடைபோட்டு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிய வேண்டும். இன்னொன்று, முன்பு கடைசிப் பிள்ளைக்கு 28 வயதாகும்வரை குழந்தைக் காப்பகம் போன்ற இடங்களில் வேலை கொடுப்பவர்கள் அந்தப் பதிவைப் பார்க்க முடிந்தது. இப்போது பராமரிப்புக் குறைப் பதிவுகள் 8 ஆண்டுக்குப் பின் வேலை கொடுப்பவர் கண்ணில் படாது. ‘அழிக்கப்படும்’ என்று நீங்கள் எழுதியது தவறு, பதிவு உள்ளே இருக்கும். துன்புறுத்தல் என்று பதிவானதற்கு இந்தச் சலுகையும் கிடையாது. கலிஃபோர்னியா 2012-லேயே உண்மையா இல்லையா என்று விசாரணையில் உறுதியாகாத புகார்களைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

கட்டுரை தொடாத இடம் 90 நாள் கெடு. முடிவுக் கடிதம் வந்ததிலிருந்து அதற்குள் திருத்தக் கோரி எழுதிவிட வேண்டும். முதலில் மாநில அலுவலகம் கோப்பைப் பார்க்கும். மாற்ற மறுத்தால் விசாரணை அமர்வு. அங்கே நிரூபிக்க வேண்டியது குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு, பெற்றோர் அல்ல. வீடு மாறி, கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் கெடு கடந்தவர்கள் உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறதே என்று சும்மா இருப்பவர்களும் உண்டு. வழக்கு முடியும்வரை அமர்வுதான் தள்ளிப்போகும், மனுவை அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அதே குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றம் தீர்த்தால், அந்தத் தீர்ப்பு பதிவேட்டையும் கட்டுப்படுத்தும்.

பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நியூயார்க்