அப்பாவின் டார்ச் எரிகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. போன் பண்ணினால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அப்பாவின் டார்ச் எரிகிறது. மூன்று பேட்டரிக் கட்டை போடும் அந்த டார்ச்தான்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி தேடி அலமாரியின் அடித்தட்டில் கை விட்டபோது துணிச்சுருள் தட்டுப்பட்டது. கோபத்தில் கட்டைகளைக்கூட எடுக்காமல் அன்றைக்குச் சுற்றி வைத்தவள் நான். மூடி திருக வரவில்லை. எப்படியோ திறந்தால், கடைசிக் கட்டை உப்பிப்போய் உள்ளேயே இறுகியிருந்தது. ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கவிழ்த்துப் பிடித்துப் பலகையில் தட்டித் தட்டித்தான் வெளியே எடுத்தேன். ஸ்பிரிங்கையும் உள்ளே ஓடும் பித்தளைப் பட்டையையும் உப்புத்தாளால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன், பயப்படாதே. நீயும் எதையாவது மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதாயிருந்தால் கட்டையைக் கழற்றி வை. ரிமோட்டானாலும் சரி, கடிகாரமானாலும் சரி.

முகப்பைக் கழற்றினேன். நீ செய்து வைத்தது அப்படியே இருந்தது. பழைய பல்பின் கண்ணாடியை எடுத்துவிட்டு அடிப்பக்கத்துப் பித்தளையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் எல்இடியின் ஒரு காலை நுனியிலும் இன்னொரு காலை ஓரத்திலும் பற்றவைத்திருக்கிறாய். ஒரு காலோடு, மின்சாரத்தை மட்டுப்படுத்தச் சின்னதாக ஒரு ரெசிஸ்டர். பூதக்கண்ணாடி வைத்துக் கோடுகளைப் பார்த்தேன்: நீலம், சாம்பல், கறுப்பு. அந்த நிறங்களுக்கு 68 ஓம் என்று அர்த்தம். உடனே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி எடுத்துக்கொள்வது 3.2 வோல்ட் அளவுக்கு. மிச்சம் 1.3. அதை 68ஆல் வகுத்தால் 19 மில்லி ஆம்பியர். அந்தச் சின்ன எல்இடிக்கு 20 தான் அளவு. இதைவிடச் சரியாக நானே போட்டிருக்க மாட்டேன். பன்னிரண்டு வயதில் இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. சாவிக்கொத்து விளக்கிலிருந்து எல்இடியைக் கழற்றிய பிள்ளை, இந்த ரெசிஸ்டரை எங்கே போய்த் தேடினாய் என்று அன்றைக்கு நான் கேட்கக்கூட இல்லை.

புதுக் கட்டை போட்டேன். எரியவில்லை. அன்றைக்கு எரியாத மாதிரியே.

அப்புறம்தான் எல்இடியின் விளிம்பைப் பார்த்தேன். கால்களை வெட்டிவிட்டால் நீளத்தை வைத்து ப்ளஸ், மைனஸ் சொல்ல முடியாது. ஆனால் விளிம்பில் ஒரு பக்கம் லேசாகத் தட்டையாக இருக்கும். அது மைனஸ். அந்தத் தட்டைப் பக்கம் நுனியோடு சேர்ந்திருந்தது, கட்டையின் ப்ளஸ் முனை வந்து தொடுகிற இடத்தில். பழைய பல்புக்கு இதெல்லாம் கிடையாது, எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்இடி ஒரு பக்கமாகத்தான் மின்சாரத்தை விடும். நான் ஒன்றுமே பண்ணவில்லை. மூன்று கட்டைகளையும் தலைகீழாகப் போட்டு மூடியைத் திருகினேன். சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

இத்தனை வருடமும் அது கெடவே இல்லை, தம்பி. பெரும்பாலான எல்இடி எதிர்ப்பக்கமாக 5 வோல்ட் வரை தாங்கும். உன் கட்டைகள் கொடுத்தது 4.5.

'எரியலம்மா' என்று நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தது என் கண்ணில் நிற்கிறது. கூடத்தில் மாமா இருந்தார், அத்தையும் இருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. "நீ கை வைத்தது எதுதான் உருப்பட்டிருக்கிறது?" அப்பாவின் பொருளை உடைத்துவிட்டாய் என்கிற ஆத்திரம். அதே வருடம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் நடத்தினேன். சுற்று வேலை செய்யவில்லையென்றால் முதலில் முனைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள் என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைக்கு அரை நிமிஷம் ஒதுக்கி அதைச் செய்யவில்லை. 2014இல் நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு வைத்துத்தான் வெள்ளை வெளிச்சம் எடுக்கிறார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். அப்போதும் அலமாரி ஞாபகம் வரவில்லை.

அந்த வார்த்தை உன்னோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, ஏன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாய்? உன் முகமே தெரியவில்லை. அக்கா ஏதோ சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அக்காவிடம் பேச நேரம் இருக்கிறது, என்னிடம் இல்லை, அதையும் கேட்கப் போவதில்லை. பட்டறை ஆரம்பித்த அன்று நீ அனுப்பிய படத்தை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் தெரியுமா? முதல் மெஷின் பக்கத்தில் சட்டையெல்லாம் கிரீஸோடு நிற்கிறாயே, அது. இப்போதும் அது மேஜை மேல்தான் இருக்கிறது. எடுக்க மாட்டேன்.

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்.

டார்ச் முந்தாநாள் சாயங்காலம் ஏற்றியது, இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தாளில் மணி குறித்து வருகிறேன். பழைய பல்பு அரை ஆம்பியர் இழுக்கும், இதற்கு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். வெளிச்சம் முன்பு போலப் பரந்து விழவில்லை. எல்இடி முன்பக்கமாக மட்டும் அடிக்கிறது, சுற்றியிருக்கும் கிண்ணத்துக்கு வேலையே இல்லை. ராத்திரி எழுந்து நடக்க எனக்கு இது தாராளம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் கண் பரிசோதனை முடிந்தது, பயப்பட ஒன்றும் இல்லை.

எல்இடியைக் கழற்றித் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். உன் பற்றவைப்பைத் தொட மனசு வரவில்லை. என் கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, சூடு அதிக நேரம் பட்டால் எல்இடி போய்விடும். 'கட்டையைத் தலைகீழாகப் போடவும்' என்று எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன். நீ வரும்போது நீயே திருப்பி வை. சால்டரிங் இரும்பைத்தான் காணோம். கீழ் அறையில் இரண்டு பெட்டியும் பார்த்துவிட்டேன். எதில் வைத்தாய் என்று சொல், எடுத்து வைக்கிறேன்.

அம்மா